கதை எங்கே நடக்கிறது என்று கேட்டால் 'புத்தகத்துல' என்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது?

ஞாயிறு வகுப்பு, ஹொரமாவு:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ஹொரமாவு பக்கம் எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். சம்பளம் எல்லாம் கிடையாது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடக்கூடாது என்று நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து ஆரம்பித்தோம். நாலரை வயதிலிருந்து எட்டு வயது வரை எல்லாரும் ஒரே பாயில்தான் உட்காருகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் கன்னடமும், கீழே விளையாடும் இடத்தில் கொஞ்சம் இந்தி, இப்படி எல்லாம் கலந்துதான் பேசுவார்கள். கதை என்றால் மட்டும் ஒருத்தரும் அசைய மாட்டார்கள், அதனால் வகுப்பில் பாதி நேரம் கதைதான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், ஒரு பிள்ளையின் அம்மா பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். நாலு கட்டம் போட்டு, கதையில் யார் யார், எங்கே நடக்கிறது, என்ன பிரச்சினை, எப்படித் தீர்ந்தது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு! இதையே தமிழிலும் செய்தால் இரண்டுக்கும் உதவும் என்றார். சரி என்று பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லிவிட்டு, படப் புத்தகத்தையும் காட்டிவிட்டு, இந்த நாலு கேள்வியையும் வாயால்தான் கேட்டேன். கதை எங்க நடக்குது என்றால் "புத்தகத்துல" என்கிறாள் ஐந்து வயதுக்காரி. யார் யார் வருகிறார்கள் என்றால் பாட்டி, காக்கா, நரி, வடை, மரம், அடுப்பு, எண்ணெய் என்று ஒன்றையும் விடாமல் சொல்கிறார்கள். என்ன பிரச்சினை என்று கேட்டதும் ஒருத்தன் "வடை கீழ விழுந்துடுச்சு" என்றான், இன்னொருத்தி "காக்கா திருடுச்சு" என்றாள், மூன்றாவது பிள்ளை "ஒரு பிரச்சினையும் இல்ல, நரிக்கு வடை கிடைச்சிடுச்சே" என்றது. அப்புறம் மூன்று பேருக்கும் சண்டை.

இதே பிள்ளைகள் கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னால் ஒரு வரி விடாமல் சொல்கிறார்கள். அப்படியென்றால் கதை புரிந்திருக்கிறது, கேள்விதான் புரியவில்லையா? கதைமாந்தர், களம், சிக்கல், தீர்வு என்ற சொற்களை இப்போதே சொல்லிக் கொடுக்கலாமா, கூடாதா? எதை முதலில் எடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய டீச்சர், ஸ்ரீராமபுரம்:

அந்தப் பிள்ளைகள் சொன்னதில் ஒரு பதில்கூடத் தப்பில்லை அம்மா. நான் இங்கே தமிழ்வழிப் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுத்து ஓய்வு பெற்றவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை எங்கே நடக்கிறது என்று நீங்கள் கேட்கும்போது அந்தக் குழந்தையின் கண்ணுக்கு முன்னால் இருப்பது புத்தகம். கதை என்ற பொருளை மொத்தமாகத் தள்ளி நின்று பார்க்க அந்த வயதில் வராது. கதைக்குள்ளே இருக்கிற ஆளைப் பற்றிக் கேளுங்கள். "பாட்டி எங்க உக்காந்து வடை சுட்டாங்க?" "காக்கா வடையத் தூக்கிட்டு எங்க போய் உக்காந்துச்சு?" உடனே மரத்தடி என்றும் கிளை என்றும் பதில் வரும். கிளை ஏன் என்று கேளுங்கள், நரிக்கு எட்டாது என்று அதுவே சொல்லும். இடம் என்பது கதைக்குப் பின்னால் மாட்டிய படம் இல்லை, இடத்தால்தான் நரி பாடச் சொல்ல வேண்டி வந்தது என்பது வரை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போகும். களம் என்ற சொல் அதற்குத் தேவையே இல்லை.

அந்தச் சண்டையைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். தாளில் பிரச்சினைக்கு ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் மூன்று பேர், மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒரு ஆசை. பாட்டிக்கு வடையை விற்க வேண்டும், காகத்துக்கும் நரிக்கும் அதைத் தின்ன வேண்டும். திருட்டு என்றவள் பாட்டியின் பக்கம் நின்று பார்த்தாள், விழுந்துவிட்டது என்றவன் காகத்தின் பக்கம், பிரச்சினையே இல்லை என்ற பிள்ளை நரியின் பக்கம். அந்த மூன்றாவது பிள்ளை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நரியின் கண்ணால் பார்த்தால் கதை நல்லபடியாகத்தான் முடிகிறது!

ஆகவே என்ன பிரச்சினை என்று கேட்காதீர்கள். "யாருக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். அடுத்தது, "அது ஏன் சுலபமாக் கிடைக்கல?" அதற்கும் அடுத்தது, "கிடைக்கிறதுக்கு என்ன பண்ணுச்சு?" இந்த மூன்று கேள்வியைப் பிள்ளைகள் தாங்களே கேட்கும் அளவுக்கு வந்துவிட்டால் நாலு கட்டமும் தன்னால் நிரம்பும், ஏனென்றால் ஆசைப்படுகிறவர்தான் கதையின் முக்கியமான ஆள், ஆசைக்குக் குறுக்கே நிற்பதுதான் சிக்கல், அந்த ஆசை கடைசியில் என்ன ஆனது என்பதுதான் முடிவு. நான் எப்போதும் ஆசையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். நாலரை வயதுப் பிள்ளைக்கும் ஆசை என்றால் என்ன என்று தெரியும், நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

வடை, அடுப்பு, எண்ணெய் எல்லாம் ஆட்களின் பட்டியலில் வருகிறதே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதற்கும் அதே கேள்விதான், "அடுப்புக்கு ஏதாவது வேணுமா?" என்று கேளுங்கள், சிரிப்பார்கள், பட்டியல் தன்னால் சுருங்கிவிடும். பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்று செய்யலாம். கதையிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நரி இல்லை. காகம் வடையை எடுத்தது, தின்றது, பறந்தது. "இது கதையா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் இதை விடாமல் பேசுவார்கள்.

இடத்தை மாற்றிச் சொல்வதையும் செய்து பாருங்கள். அதே கதை கடற்கரையில் நடந்தால்? மலையில் நடந்தால்? தொல்காப்பியத்தில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நாம் படித்ததுதான். நிலமும் பொழுதும் முதலில் வரும், அந்த நிலத்துக்கென்று உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருளாக வரும், அங்கே மனிதர்கள் படுகிற பாடு உரிப்பொருள். அது அகப்பாட்டுக்குச் சொன்ன இலக்கணம், பிள்ளைகளிடம் அதன் பெயரையே எடுக்க வேண்டாம். ஆனால் சொல்லித் தருகிறவர் மனதில் அது இருந்தால் இடம் மாறும்போது என்னென்ன கூடவே மாறும் என்று கேட்கத் தோன்றும். கடற்கரை என்றால் வடைக்குப் பதில் மீன் வரும், பாட்டிக்கு வேறு வேலை வரும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும்.

சொற்களைப் பற்றிக் கேட்டீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம், அதுவும் பொருள் பிடிபட்ட பிறகு. கீழே உள்ளவர்களுக்கு ஆள், இடம், ஆசை, தடை போதும்.

பேச்சுப் பயிற்சி, ஜெயநகர்:

டீச்சர் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். நான் பேச்சு, மொழிப் பயிற்சி தருகிறவள், கதை சொல்லத் திணறும் பிள்ளைகளோடுதான் தினமும் வேலை. வயதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் உங்கள் பாயில் நாலரையும் எட்டும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கதையில் உண்மையிலேயே கடினமான இடம் ஏமாற்று. நரி மனதில் ஒன்று இருக்கிறது, வாயில் வேறு சொல்கிறது, அது காகத்துக்குத் தெரியாது, கேட்கிற பிள்ளைக்குத் தெரியும். இதைப் பிடிக்க, இன்னொருவர் மனதில் தப்பான எண்ணம் இருக்க முடியும் என்பது புரிந்திருக்க வேண்டும். 1983-ல் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை இதில் பெயர்பெற்றது. மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் பையன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று நினைப்பு. நாலிலிருந்து ஐந்துக்குள் மெல்ல இது மாறுகிறது. அதனால் உங்கள் நாலரை வயதுக்காரர்களில் சிலர் "காக்கா பாடுச்சு, வடை விழுந்துச்சு" என்பதோடு நிறுத்தினால் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். "நரி பாட்டுக் கேக்கத்தான் வந்துச்சுன்னு காக்கா நினைச்சுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. நான்சி ஸ்டைன், கிறிஸ்டீன் க்ளென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1979-ல் கதையின் உறுப்புகளை இப்படிப் பிரித்தார்கள்: சூழல், கதையைக் கிளப்பிவிடும் சம்பவம், அதனால் மனதில் எழுவது, அடுத்து எடுக்கும் முயற்சி, அதன் விளைவு, அதற்கு எதிர்வினை. ஒன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லித் திரும்பக் கேட்டபோது சூழலும் சம்பவமும் விளைவும் நன்றாக நினைவில் இருந்தன, மனதில் எழுந்ததுதான் அதிகம் விட்டுப்போனது. நான் பார்க்கும் பிள்ளைகளிடமும் இதுதான். உங்கள் பிள்ளைகள் ஒரு வரி விடாமல் சொல்கிறார்கள் என்றீர்களே, அடுத்த முறை கவனித்துக் கேளுங்கள், நடந்தது எல்லாம் இருக்கும், யாருக்கு எப்படி இருந்தது என்பது இருக்காது. அதனால் கதையின் நடுவில் "இப்ப காக்கா மூஞ்சி எப்படி இருக்கும், காட்டு" என்று கேட்பேன். சொல்லத் தெரியாத பிள்ளைகூட முகத்தில் காட்டும். காட்டிய பிறகு அதற்கு நாம் ஒரு சொல் கொடுக்கலாம், பெருமை, ஏமாற்றம், வெட்கம். அப்படி வந்த சொல் மறக்காது.

மொழி கலப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு பிள்ளை "நரி ட்ரிக் பண்ணிச்சு, காகே ஹாடு ஹேளித்து" (கன்னடத்தில், காக்கா பாட்டுப் பாடுச்சு) என்று மூன்று மொழியில் சொன்னாலும் ஆசை, முயற்சி, விளைவு மூன்றும் அதில் இருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம். இரண்டு மூன்று மொழி பேசும் பிள்ளைகளின் கதைத்திறனை அளக்க 2012-ல் மெயின் (MAIN) என்று ஒரு மதிப்பீட்டுக் கருவி வந்தது, ஒவ்வொரு கதைக்கும் ஆறு படம், அதில் அளப்பதே இந்த இலக்கு, முயற்சி, விளைவு என்ற அடுக்கைத்தான். சொல்வளம் ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகச் சேர வேண்டும், கதையின் எலும்புக்கூடு ஒரு மொழியில் பிடிபட்டால் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும். நீங்கள் தமிழில் செய்வது அந்தப் பள்ளிக்கூடத் தாளுக்கும் உதவத்தான் போகிறது, அந்த அம்மா சொன்னது சரி.

ராத்திரிக் கதை, மாரத்தஹள்ளி:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகனுக்கு ஆறு வயது. தினமும் படுக்கப் போகும்போது கதை கேட்டவன், பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு கதைக்கும் பின்னால் கேள்வி, தாள், கட்டம் என்று வர ஆரம்பித்த பிறகு "அப்பா, கதை சொல்லு, ஆனா கேள்வி கேக்காத" என்று நிபந்தனை போடுகிறான். இது எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. எங்கள் பாட்டி கதை சொல்லும்போது எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், 'உம்' கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். யாரும் எங்களிடம் களம் எது, சிக்கல் எது என்று கேட்டதில்லை, ஆனாலும் எங்களுக்குக் கதை புரிந்தது, நாங்களும் தம்பி தங்கைகளுக்குக் கதை சொன்னோம்.

கதையைப் பிரித்துப் பிரித்துக் காட்டினால் பிள்ளைக்குக் கதை மேலேயே சலிப்பு வந்துவிடாதா? ஆறு வயதில் இந்த அவசரம் எதற்கு? நிறையக் கதை சொல்லுங்கள், மறுபடி மறுபடி சொல்லுங்கள், அமைப்பு தானாக உள்ளே இறங்கும் என்பதுதான் என் கட்சி.

பழைய டீச்சர், ஸ்ரீராமபுரம்:

தம்பி சொல்வதில் பாதி நியாயம் அல்ல, முக்கால்வாசி நியாயம். படுக்கையில் சொல்லும் கதையில் கேள்வியே வேண்டாம். உங்கள் மகன் போட்ட நிபந்தனையை மதியுங்கள். வகுப்பில்கூட ஒரு கதையை முதல் தடவை சொல்லும்போது நான் எங்கேயும் நிறுத்த மாட்டேன், உம் கொட்டவைத்து முழுக்கச் சொல்லி முடிப்பேன். இரண்டாம் தடவை அவர்களாகவே கேட்பார்கள் பாருங்கள், அப்போதுதான் நிறுத்துவது, அதுவும் ஒரு இடத்தில், மிஞ்சினால் இரண்டு இடத்தில்.

ஆனால் தானாக இறங்கும் என்பதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உங்கள் பாட்டி தினமும் சொன்னார், வருடக்கணக்கில் சொன்னார், நீங்கள் கூட்டமாக உட்கார்ந்து கேட்டீர்கள், தூங்காத பெரிய பிள்ளைகள் நடுவில் கேட்ட கேள்விகள் சின்னவர்கள் காதிலும் விழுந்தன. அப்படி ஒரு வீடு இருந்தால் எந்த டீச்சரும் வேண்டாம். இன்று பல வீடுகளில் அப்பா அம்மா இரண்டு பேரும் வேலை முடிந்து வெளிவட்டச் சாலை நெரிசலில் வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். என் வகுப்பில், வீட்டில் ஒரு கதைகூடக் கேட்காமல் வந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் வரும் கதையே அவர்களுக்குத் தனித்தனி வாக்கியங்களாகத்தான் தெரியும், ஒன்றோடு ஒன்று சேராது. அவர்களுக்கு யாராவது சேர்த்துக் காட்டத்தான் வேண்டும்.

நிறுத்திக் கேட்பதும் பரீட்சை மாதிரி இருக்கக்கூடாது. பதில் தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வியைப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். நமக்கே நிச்சயமாகத் தெரியாத கேள்வியாக இருக்கட்டும். பாட்டிக்குக் காக்காமேல் கோபமா, பரிதாபமா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டு பிள்ளை அப்பா, எலெக்ட்ரானிக் சிட்டி:

நான் டீச்சர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. எங்கள் வீட்டில் பலித்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இன்னிக்கு என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும், எல்லார் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பெரியவள் ஒரு நாள் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்தாள். அழுகை. நான் அன்று ராத்திரி அதையே கதையாக்கிச் சொன்னேன். ஒரு ஊரில் ஒரு பாட்டில், ஊதா நிறம், மூடியில் மட்டும் ஒரு பல்தடம். அதற்கு அதன் பாப்பாவிடம் போக வேண்டும். வேன் கிளம்பிவிட்டது. அங்கே நிறுத்தினேன். அவ்வளவுதான், மீதியை அவள் எடுத்துக்கொண்டாள். பாட்டில் காவலாளி தாத்தாவைக் கூப்பிட்டதாம், தாத்தாவுக்குக் காது கேட்கவில்லையாம், அப்புறம் படியில் உருண்டு உருண்டு வந்ததாம், வழியில் நாய் கவ்விக்கொண்டதாம். முயற்சி, தடை, மறுபடி முயற்சி எல்லாம் அதில் வந்துவிட்டது, யாரும் சொல்லித் தரவில்லை. சின்னவள் "பாட்டில் அழுதுச்சா?" என்று கேட்டாள். மேலே அந்த மேடம் மனதில் எழுவது விட்டுப்போகும் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது, எங்கள் வீட்டில் அதைச் சின்னவள்தான் நிரப்பினாள்.

பிள்ளையின் சொந்த நாளில் நடந்தது என்றால் ஆளும் இடமும் அதற்கு முன்பே தெரியும், மனது முழுக்கச் சிக்கலின் மேல் போகும். அதனால் புதுக் கதையைவிட இது சுலபம் என்று தோன்றுகிறது.

புத்தகத்துக்கு ஒரு வழி. நம்ம ஊர் பிரதம் புக்ஸ் 2004-ல் ஆரம்பித்த நிறுவனம், லாபநோக்கம் இல்லாதது. 2015-லிருந்து ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் கதைப் புத்தகங்களை இலவசமாகப் போடுகிறார்கள், தமிழிலும் நிறைய இருக்கிறது, கன்னடத்திலும் இருக்கிறது. ஒன்றிலிருந்து நாலு வரை நிலை பிரித்திருக்கிறார்கள், அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. அதில் சொற்களே இல்லாத படக்கதைகளும் உண்டு, உங்கள் கலவை வகுப்புக்கு அவைதான் பொருந்தும், நாலரை வயதும் எட்டு வயதும் ஒரே படத்தைப் பார்த்து அவரவர் அளவில் சொல்லலாம், படிக்கத் தெரியாத பிள்ளை பின்தங்காது. ஞாயிற்றுக்கிழமை கப்பன் பூங்காவுக்குள் வண்டி விட மாட்டார்கள், அங்கேயே பிள்ளைகளுக்கான நூலகமும் இருக்கிறது, ஒரு நாள் வகுப்பை அந்த மரத்தடிக்கே மாற்றலாம்.

ஞாயிறு வகுப்பு, ஹொரமாவு:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. டீச்சரின் பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் நாலு கட்டத்தைத் தொடவே இல்லை. யாருக்கு என்ன வேணும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் இருந்த சன்னபட்டணா மரப் பொம்மைகளில் மூன்றைப் பாட்டி, காகம், நரி என்று வைத்து (பாட்டிக்குக் கிடைத்தது ஒரு சிப்பாய் பொம்மை, யாரும் கவலைப்படவில்லை), பொம்மையைக் கையில் எடுத்தவர் "எனக்கு என்ன வேணும்னா..." என்று ஆரம்பிக்க வேண்டும் என்றேன். நரியை எடுத்த பையன் "எனக்கு வடை வேணும், ஆனா மரம் ஏறத் தெரியாது" என்றான். ஆசையும் தடையும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. காகத்தை எடுத்த சின்னவள் பேசவே இல்லை, பொம்மையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று கேட்டால், "நரிக்கு எட்டக்கூடாது."

அப்புறம் கதையை அல்சூர் ஏரிக்கரைக்கு மாற்றினோம். திருவள்ளுவர் சிலை பக்கத்தில் பாட்டி கடை போட்டாள். உடனே வடை மத்தூர் வடை ஆகிவிட்டது. அதில்தான் பெரிய விவாதம். மத்தூர் வடை பெரிசு, தட்டை, ஓட்டையும் கிடையாது, காக்கா எப்படித் தூக்கும்? நடுவில் ஓட்டை இருந்தால் அலகை விட்டுத் தூக்கலாமே என்றாள் ஒருத்தி. கடைசியில் காக்காவால் பாதிதான் உடைத்து எடுக்க முடிந்தது என்று முடிவு செய்தார்கள். அல்சூரில் நரி கிடையாது, அதனால் தெருநாய். ஆனால் நாய் பாடச் சொல்லாதாம், குரைக்குமாம், குரைத்தால் காக்கா பறந்துவிடுமாம், அப்போது நாய்க்கு வடை எப்படிக் கிடைக்கும்? அதற்கு மேல் நகர முடியவில்லை, நேரமும் முடிந்துவிட்டது. போகும்போதும் லிஃப்டில் அதையே பேசிக்கொண்டு போனார்கள்.

ஒரு சந்தேகம் டீச்சர். ஒரு பையன் "எங்க தாத்தா சொன்ன கதைல காக்கா வடையக் கால்ல வச்சுக்கிட்டுப் பாடும், நரி ஏமாந்துடும்" என்றான். எது சரியான கதை என்று மற்றவர்கள் என்னைக் கேட்டார்கள். என்ன சொல்வது?

பழைய டீச்சர், ஸ்ரீராமபுரம்:

இரண்டும் சரியான கதைதான் என்று சொல்லுங்கள். அந்தப் பையனை அந்தக் கதையை முழுக்கச் சொல்லவிடுங்கள். முடிவை எப்படிச் சொல்லித் தருவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவனே வழி காட்டிவிட்டான். இரண்டு கதையிலும் இடம் ஒன்று, நரியின் ஆசை ஒன்று, அது செய்யும் தந்திரமும் ஒன்று. மாறியது என்ன? காகம்தான். அது புகழ்ச்சியில் மயங்கினால் ஒரு முடிவு, யோசித்தால் வேறு முடிவு. ஆளின் குணத்தால் முடிவு மாறுகிறது என்பதை எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. இரண்டையும் அடுத்தடுத்து நடிக்கச் சொல்லிவிட்டு, எந்த இடத்தில் கதை பிரிந்து போனது என்று மட்டும் கேளுங்கள். பாடத் தொடங்கும் முன்பு வடையைக் காலுக்கு மாற்றிய அந்த ஒரு நொடிதான். அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

நாய்க்கு வடை எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வியையும் அப்படியே விட்டுவையுங்கள், அடுத்த வாரம் யாராவது ஒரு பதிலோடு வருவார்கள். புதுக் கதை வேண்டுமென்றால் குரங்கும் முதலையும் எடுங்கள். முதலை வீட்டுக்காரிக்குக் குரங்கின் ஈரல் வேண்டும், முதலைக்கு நண்பனும் வேண்டும் வீட்டில் சமாதானமும் வேண்டும், குரங்குக்கு உயிர் வேண்டும். ஒரே ஆளுக்கு ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத இரண்டு ஆசை இருக்கலாம் என்பது அதில் வருகிறது, ஆறு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு இது புதுசாக இருக்கும். நடு ஆற்றில் முதலை உண்மையைச் சொல்லிவிடும் இடத்தில் நிறுத்துங்கள். "நீ குரங்கா இருந்தா என்ன சொல்லுவ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு, அப்புறம் குரங்கு சொன்னதைச் சொல்லுங்கள். சின்னவர்கள் "நான் நீந்தித் தப்பிச்சிடுவேன்" என்பார்கள், அதுவும் ஒரு முயற்சிதான், ஏற்றுக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளைக் கொண்டுவந்த அம்மாவிடம், ஏழு வயது வரை கட்டத்தில் எழுத வேண்டாம், படம் வரையட்டும் என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளை வாயால் சொல்ல அம்மா எழுதட்டும், அடுத்த வகுப்பில் பிள்ளையே எழுதிக்கொள்ளும்.

பேச்சுப் பயிற்சி, ஜெயநகர்:

டீச்சர் சொன்ன குரங்கு கதையில் சின்னவர்களுக்கு ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரலை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று குரங்கு சொல்வது பொய் என்பது நாலரை வயதுக்காரர்களில் சிலருக்குப் பிடிபடாது, நிஜமாகவே மரத்தில் இருக்கிறது என்று நம்புவார்கள். மரக்கிளையில் ஒன்றும் இல்லை என்பதைப் படத்திலோ பொம்மையை வைத்தோ முதலில் காட்டிவிட்டு, "முதலை என்ன நினைக்குது?" என்று கேளுங்கள். தலைக்கு மேலே நினைப்புக் குமிழி ஒன்று வரைந்து அதற்குள் ஈரலை வரையச் சொன்னால் இன்னும் எளிது. அந்தக் காகப் பொம்மையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவளிடம் குமிழியை வரையும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள், பேசாத பிள்ளைகள் பல நேரம் அதில் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.